ஒரே சைட்டுக்கு நாலு டூல் நாலு கணக்கு காட்டுதே, எதை நம்புறது?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியட்டும். தமிழ்ல ஒரு சமையல் சைட், வேர்ட்பிரஸ், ஷேர்டு ஹோஸ்டிங், முன்னாடி க்ளவுட்ஃப்ளேர் (வாசகருக்கும் சர்வருக்கும் நடுவுல நிக்கிற சேவை) ஃப்ரீ பிளான். போன மாசத்துக்கு ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பேனலான சிபேனல்ல இருக்கிற ஏடபிள்யூஸ்டாட்ஸ் 61,000 யூனிக் விசிட்டர்ங்குது, க்ளவுட்ஃப்ளேர் 1,40,000ங்குது, கூகுள் அனலிட்டிக்ஸ் 17,000 யூசர்ங்குது, ட்ரயலுக்கு போட்டுப் பார்த்த ப்ளாசிபிள் 29,000ங்குது. மசாலா கம்பெனிக்காரர் ஒருத்தர் விளம்பரம் தர்றேன்னு வந்து "மாசம் எத்தனை பேர் வர்றாங்க"ன்னு கேட்டிருக்காரு. எதைச் சொல்றது, எது பொய் சொல்லுது, இதானே கேள்வி.

எதுவும் பொய் சொல்லல. கல்யாண மண்டபத்துல வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் எண்றதும், பந்தியில இலை எண்றதும், மொய் நோட்டுல பேர் எண்றதும் ஒண்ணா வருமா? வராது, ஆனா மூணுமே சரியான கணக்குதான். அதே மாதிரி உங்க நாலு டூலும் நாலு இடத்துல நின்னு எண்ணுது. எது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா நம்பர் ஏன் அப்படி வருதுன்னு தானா விளங்கிடும். என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன்: பக்கம் எத்தனை தடவை திறந்தாங்கங்கற கணக்கை ஓரளவு நம்பலாம், ஆள் எத்தனைங்கற கணக்கை எந்த டூல்லயும் நம்பாதீங்க, அதுலயும் நம்ம ஊர் மொபைல் வாசகர்களை வெச்சு நடத்துற சைட்டுக்கு சுத்தமா நம்பாதீங்க.

முதல்ல ஏடபிள்யூஸ்டாட்ஸ். இது 2000லேர்ந்து இருக்கிற பழைய பெர்ல் ப்ரோகிராம், உங்க சைட்ல எந்த கோடும் போடாது, சர்வர் எழுதி வைக்கிற ஆக்சஸ் லாகை படிச்சு கூட்டிச் சொல்லும், அவ்வளவுதான். லாக்ல ஒரு வரின்னா என்ன இருக்கும்: வந்தவரோட ஐபி (நெட்ல அவரோட முகவரி எண்), தேதி நேரம், எந்த ஃபைலை கேட்டாங்க, 200ஆ (கிடைச்சுது) 404ஆ (அப்படி ஒண்ணு இல்ல), எத்தனை பைட், எந்த பக்கத்துலேர்ந்து வந்தாங்க, கடைசியா ப்ரவுசர் தன்னைப் பத்தி சொல்லிக்கிற யூசர் ஏஜென்ட். ஒருத்தர் உங்க வத்தக்குழம்பு பக்கத்தை திறந்தா பக்கத்துக்கு ஒரு வரி, ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு வரி, சிஎஸ்எஸ், ஃபான்ட்னு வரி வரியா எகிறும், அதைத்தான் ஹிட்ஸ்னு காட்டுது, அந்த நம்பரை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சிரிச்சிடுவாங்க. யூனிக் விசிட்டர்னா அதுக்கு ஐபிதான். ஒரு ஐபி ஒரு ஆள். அதே ஐபி ஒரு மணி நேரம் சத்தமில்லாம இருந்துட்டு திரும்ப வந்தா புது விசிட்.

இதுல நல்லது என்னன்னா ஜாவாஸ்கிரிப்ட் ஓடினாலும் ஓடலைன்னாலும், ஆட் ப்ளாக்கர் இருந்தாலும் இல்லைன்னாலும் சர்வரை தொட்டவன் லாக்ல மாட்டிக்குவான். கெட்டதும் அதேதான், தொட்டவன் எல்லாருமே மனுஷன் இல்ல. வேர்ட்பிரஸ் சைட்டோட ரா லாகை டவுன்லோட் பண்ணி ஒரு தடவை சும்மா ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க, லாகின் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி ஃபைலையும் தட்டிக்கிட்டே இருக்கிற பாஸ்வேர்ட் திருட்டு ஸ்கிரிப்ட், ஏஹெச்ரெஃப்ஸ் செம்ரஷ் மாதிரி எஸ்இஓ கம்பெனி பாட் (மனுஷன் இல்லாம தானா ஓடற ப்ரோகிராம்), இப்ப புதுசா ஜிபிடிபாட், க்ளாட்பாட், பைட்ஸ்பைடர்னு ஏஐ க்ராலர், ராத்திரி பகல் பாக்காம வந்துக்கிட்டே இருக்கும். ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனக்கு பேர் தெரிஞ்ச பாட்டை மட்டும் ஒதுக்கி 'நாட் வ்யூட் ட்ராஃபிக்'னு கீழ தனி வரியில காட்டுது, அந்த வரியை முக்காவாசி பேர் பாக்கறதே இல்ல. குரோம்னு வேஷம் போட்டுக்கிட்டு வர்ற பாட்டை அதால கண்டுபிடிக்க முடியாது, அது விசிட்டர் கணக்குல போய் உக்காந்துக்கும். 61,000ல நிறைய இதுதான்.

இன்னொண்ணு, உங்க கேஸ்ல முக்கியம். முன்னாடி க்ளவுட்ஃப்ளேர் இருக்கறதால சர்வருக்கு வர்ற ரிக்வெஸ்ட் எல்லாம் க்ளவுட்ஃப்ளேர் ஐபிலேர்ந்துதான் வரும். உண்மையான ஐபியை ஒரு தனி ஹெடர்ல அனுப்பும், ஹோஸ்டிங்காரங்க அதை எடுத்து லாக்ல எழுதற மாதிரி செட்டிங் பண்ணியிருக்கணும். பண்ணியிருக்காங்களான்னு பாக்கறது சுலபம்: ஏடபிள்யூஸ்டாட்ஸ்ல ஹோஸ்ட்ஸ் லிஸ்டை திறங்க, மேல இருக்கிறதெல்லாம் 162.158, 172.68, 172.70னு ஆரம்பிக்குதுன்னா அது க்ளவுட்ஃப்ளேரோட ஐபி, அப்ப அந்த யூனிக் விசிட்டர் நம்பருக்கு அர்த்தமே கிடையாது, குப்பையில போடுங்க. ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டா சரி பண்ணித் தருவாங்க.

க்ளவுட்ஃப்ளேர் டாஷ்போர்டு ஓவர்வ்யூல வர்ற 1,40,000ம் ஐபி கணக்குதான், ஆனா சர்வருக்கும் முன்னாடி நின்னு எண்ணுது. ஃபயர்வால்ல தடுத்து திருப்பி அனுப்பினவன், கேஷ்லேர்ந்தே (க்ளவுட்ஃப்ளேர் வெச்சிருக்கிற நகல்லேர்ந்தே) போட்டோ வாங்கிட்டு போனவன், பாட், ஆர்எஸ்எஸ் ரீடர், எல்லாம் சேர்த்து. பேண்ட்விட்த் எவ்வளவு மிச்சம், அட்டாக் வருதான்னு பாக்க அருமையான இடம், வாசகரை எண்ண உதவாது. அதே க்ளவுட்ஃப்ளேர்ல 'வெப் அனலிட்டிக்ஸ்'னு தனியா ஒண்ணு இருக்கு, 2020ல வந்தது, அது ப்ரவுசர்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டி எண்ணுது, குக்கி (ப்ரவுசர்ல வைக்கிற சின்ன அடையாளச் சீட்டு) கிடையாது, ஃப்ரீ. அது ஆளை எண்ண முயற்சியே பண்றதில்ல, வெளி சைட்லேர்ந்தோ நேராவோ வந்து இறங்கினா ஒரு விசிட்டுன்னு முடிச்சிடும். ரெண்டும் ஒரே கம்பெனி டாஷ்போர்டுல இருக்கறதால பலபேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க.

இப்ப கூகுள். 2005ல அர்ச்சின்ங்கற கம்பெனியை வாங்கி அதே வருஷம் கூகுள் அனலிட்டிக்ஸா விட்டாங்க (எங்கேர்ந்து வந்தாங்கன்னு தெரிய லிங்க் பின்னாடி நாம ஒட்டற யூடிஎம்ல இருக்கிற யூ அந்த அர்ச்சின்தான்). இப்ப இருக்கிறது 2020ல வந்த ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4), பழைய யுனிவர்சல் 2023 ஜூலையோட நின்னு போச்சு. இது எப்படி எண்ணுதுன்னு கண்ணால பாக்கணும்னா கம்ப்யூட்டர் குரோம்ல உங்க சைட்டை திறந்து எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப்ல 'கலெக்ட்'னு தேடுங்க. கூகுளுக்கு போற ஒரு ரிக்வெஸ்ட் மாட்டும், அதுக்குள்ள உங்க சைட்டோட மெஷர்மென்ட் ஐடி, வந்தவரோட க்ளையன்ட் ஐடி, பக்கத்து முகவரி, எங்கேர்ந்து வந்தாங்க, ஈவென்ட் பேர் பேஜ் வ்யூ, எல்லாம் வரிசையா இருக்கும். பதிலுக்கு 204, அதாவது வாங்கிக்கிட்டேன், திருப்பித் தர ஒண்ணுமில்ல. இந்த ஒரு ரிக்வெஸ்ட் போனாதான் கூகுள் கணக்குல நீங்க இருக்கீங்க. நெட் ஸ்லோவா இருந்து ஸ்கிரிப்ட் இறங்கறதுக்குள்ள பேக் அடிச்சிட்டு போயிட்டா நீங்க வரவே இல்ல. ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டாத பாட் முழுக்க இங்கயே வடிகட்டிடும், மிச்சத்துல பேர் தெரிஞ்ச பாட்டை கூகுளே ஒதுக்கிடும். அப்படியும் ஆஷ்பர்ன்ங்கற அமெரிக்க ஊர்லேர்ந்து திடீர்னு வாசகர் கூட்டம் வருதுன்னா குஷியாகாதீங்க, அது டேட்டா சென்டர் ஊர், அங்க யாரும் வத்தக்குழம்பு வைக்கல.

ஆட் ப்ளாக்கரால ஜிஏல பாதி கணக்கு விட்டுப் போகுதுன்னு வெளிநாட்டு டெக் ப்ளாக்ல எழுதறதை படிச்சிட்டு இங்க வந்து அதையே சொல்றாங்க. ப்ரோகிராமருங்க படிக்கிற சைட்டுக்கு அது பெரிய விஷயம்தான். உங்க வாசகர் யாரு? ஆண்ட்ராய்டு போன், கூடவே வந்த குரோம். அந்த குரோம்ல எக்ஸ்டென்ஷனே போட முடியாது. ப்ரேவ் வெச்சிருக்கறவங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல யூப்ளாக் போட்டவங்க, போன்ல ப்ரைவேட் டிஎன்எஸ் மாத்தி வெச்சவங்க இருப்பாங்க, சமையல் சைட்டுக்கு அவங்க ஓரமா இருக்கிற கூட்டம். அதுவுமில்லாம ப்ளாசிபிளையும் அதே ப்ளாக் லிஸ்ட்ல போட்டிருக்காங்க, ப்ரைவசி டூல்ங்கறதால விட்டு வைக்கல. அதனால 17,000க்கும் 29,000க்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துக்கு ஆட் ப்ளாக்கர் காரணமில்ல.

காரணம் ஆளை அடையாளம் வெச்சுக்கற முறை. ஜிஏ முதல் தடவை வந்தப்பவே உங்க ப்ரவுசர்ல ஒரு குக்கி வெச்சிடுது, அதுல ஒரு ரேண்டம் நம்பரும் முதல்ல வந்த நேரமும் இருக்கும், ஜிஏ கேக்கற ஆயுசு 2 வருஷம். நீங்க திங்கக்கிழமை வந்து வெள்ளிக்கிழமை திரும்ப வந்தா அதே ஆள்னு தெரியும். ப்ளாசிபிள்ல குக்கியே இல்ல. உங்க ஐபி, யூசர் ஏஜென்ட், சைட் பேர், கூட அன்னிக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒரு ரகசிய உப்பு (சால்ட்னு சொல்ற ரேண்டம் எண்), இது எல்லாத்தையும் அரைச்சு ஒரு ஹாஷ் (திருப்பிப் பிரிக்க முடியாத குறியீடு) போட்டு அதைத்தான் ஆள்னு வெச்சுக்குது. 24 மணி நேரத்துல உப்பை அழிச்சிட்டு புதுசு போடும். அப்ப மாசத்துல அஞ்சு வேற வேற நாள் வந்த ஒரே அம்மா மாசக் கணக்குல அஞ்சு பேர். இதை அவங்களே டாக்குமென்ட்ல வெளிப்படையா சொல்லியிருக்காங்க, நாமதான் படிக்கறதில்ல. தினம் "இன்னிக்கு என்ன சமைக்கலாம்"னு வர்ற ரெகுலர் வாசகர் இருக்கிற சைட்ல மாச நம்பர் வீங்கித்தான் தெரியும். சந்தேகம்னா மாசத்தை விட்டுட்டு ஏதோ ஒரு நாளை மட்டும் எடுத்து ரெண்டுலயும் பாருங்க, பக்கத்து பக்கத்துல வந்து நிக்கும். அதுக்கு முன்னாடி ரெண்டுலயும் டைம்சோன் இந்தியாவா இருக்கான்னு பாத்துக்கோங்க, ஒண்ணுல அமெரிக்கா நேரம் இருந்தா நாளே மாறிடும்.

சரி, ஒரு நாள் கணக்காவது ப்ளாசிபிள்ல சரியான்னா, இங்கதான் நம்ம ஊர் சமாச்சாரம் வருது. ஐபியும் யூசர் ஏஜென்ட்டும் சேர்ந்தா ஒரு ஆள்ங்கறது வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட், கைக்கு கை வேற வேற லேப்டாப்னு இருக்கிற ஊருக்கு ஓரளவு ஓடும். நம்ம ஊர் மொபைல் நெட்வொர்க்ல ஐபிவி4ங்கற பழைய மாதிரி அட்ரஸ் பத்தாம ஒரே பப்ளிக் ஐபி பின்னாடி ஏகப்பட்ட போனை அடுக்கி வெச்சிருக்காங்க, கேரியர் கிரேடு நாட்னு பேர். யூசர் ஏஜென்ட்டாவது பிரிச்சுக் காட்டுமான்னா, முன்னாடி அதுல ரெட்மியா சாம்சங்கா எந்த மாடல்னு இருக்கும், 2023லேர்ந்து ஆண்ட்ராய்டு குரோம் அதை சுருக்கிடுச்சு. இப்ப எந்த போனா இருந்தாலும் ஆண்ட்ராய்டு 10, மாடல் கே, குரோம் வெர்ஷன்ல முதல் எண்ணைத் தவிர மிச்சமெல்லாம் பூஜ்யம். பத்தாயிரம் ரூவா போனும் ஒரு லட்ச ரூவா போனும் லாக்ல ஒரே முகம். அப்ப ஒரே ஐபி பின்னாடி மதுரையில ஒருத்தரும் தேனியில ஒருத்தரும் ஒரே நாள்ல உங்க சைட்டுக்கு வந்தா ஹாஷ் ஒண்ணுதான், ரெண்டு பேர் ஒரு ஆள் ஆயிட்டாங்க.

இதுக்கு நேர் எதிரும் நடக்குது. ஜியோ மாதிரி நெட்வொர்க்ல ஐபிவி6ங்கற புது மாதிரி அட்ரஸ் நிறைய ஓடுது, உங்க சர்வரோ க்ளவுட்ஃப்ளேரோ ஐபிவி6ல பேசினா ஒவ்வொரு போனுக்கும் தனி அட்ரஸ் கிடைக்கும், நல்லதுதானேன்னு நெனைப்பீங்க, ஆனா டேட்டா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா புது அட்ரஸ் வர்றது சகஜம், வீட்டு வைஃபைக்கு மாறினா இன்னொண்ணு. காலையில பஸ்ல பாத்த ரெசிபியை சாயங்காலம் வீட்டு வைஃபைல திறந்து வெச்சு சமைக்கிற ஒருத்தர் ரெண்டு மூணு ஆள். ஒரு பக்கம் சுருங்குது, ஒரு பக்கம் வீங்குது, எந்த பக்கம் எவ்வளவுன்னு உள்ளேர்ந்து பாத்து சொல்ல வழியே இல்ல. உமாமி, ஃபாதம்னு குக்கி இல்லாத டூல் எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே வண்டிதான், உப்பை எப்ப மாத்தறாங்கங்கறதுல வித்தியாசம். மட்டோமோங்கற டூல்ல குக்கியை ஆஃப் பண்ணாலும் இதே கதி.

குக்கி இருந்தா ஒழுங்கா வந்துடுமான்னா அதுவும் கிடையாது. டொரன்டோ, லண்டன், பாரிஸ்லேர்ந்து ஐஃபோன்ல படிக்கிற நம்ம ஆளுங்க நிறைய இருப்பாங்க உங்க மாதிரி சைட்டுக்கு. சஃபாரி 2019லேர்ந்து ஜாவாஸ்கிரிப்ட் வைக்கிற குக்கிக்கு 7 நாள்தான் ஆயுசு குடுக்குது, ஜிஏ என்னதான் 2 வருஷம்னு எழுதி வெச்சாலும். ஞாயித்துக்கிழமை ஒரு தடவை வந்துட்டு பத்து நாள் கழிச்சு வந்தா புது யூசர். பேஸ்புக்ல உங்க லிங்கை தட்டினா பேஸ்புக் ஆப்புக்குள்ளயே ஒரு ப்ரவுசர் திறக்குது பாருங்க, அதுக்கு குக்கி டப்பா தனி. அதே ஆள் அப்புறம் குரோம்ல வந்தா இன்னொரு ஆள். இன்ஸ்டாவும் அப்படித்தான். இதெல்லாம் போதாதுன்னு ஜிஏ4 யூசர் எண்ணிக்கையை ஒவ்வொண்ணா எண்றதில்ல, வேகத்துக்காக ஒரு தோராய கணக்கு முறையில போடுது, ரிப்போர்ட்ல முன்னாடி வர்ற 'யூசர்ஸ்'ங்கறதும் ஆக்டிவ் யூசர்ஸ்தான், டோட்டல் யூசர்ஸ் வேணும்னா தேடித்தான் எடுக்கணும். எங்கேஜ்மென்ட்னு பெருசா காட்டறாங்களே, 10 செகண்ட் பக்கம் திறந்திருந்தாலே அது எங்கேஜ்டு செஷன். வெங்காயம் நறுக்க போனை மேடையில வெச்சிட்டு போனாலே 10 செகண்ட் ஆயிடும், அந்த சதவீதத்தை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க.

வாட்ஸ்அப் பத்தி சொல்லாம விட்டா பதில் முழுசாகாது, ஏன்னா நம்ம சைட்டுக்கு பாதி உயிர் அங்கதான். வாட்ஸ்அப்லேர்ந்து லிங்கை தட்டினா குரோம் திறக்கும், ஆனா எங்கேர்ந்து வந்தாங்கன்னு ரெஃபரர் வராது, அதனால எல்லா டூலும் அதை 'டைரக்ட்'ல தள்ளிடும். யாரோ உங்க முகவரியை மனப்பாடமா டைப் பண்ணி வர்றாங்கன்னு நெனைச்சுடாதீங்க. ஷேர் பட்டன்ல போற லிங்குக்கு பின்னாடி யூடிஎம் சோர்ஸ் வாட்ஸ்அப்னு ஒட்டி விடுங்க, கொஞ்சமாவது பிரிஞ்சு தெரியும். கொஞ்சமாவதுன்னு ஏன் சொல்றேன்னா, அதே லிங்கை ஒருத்தர் காப்பி பண்ணி பேஸ்புக் குரூப்ல போட்டா அங்கேர்ந்து வர்ற கூட்டமும் வாட்ஸ்அப் கணக்குலதான் விழும். சைட்டுக்குள்ள ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்கு போற லிங்குக்கு மட்டும் யூடிஎம் ஒட்டவே ஒட்டாதீங்க, எங்கேர்ந்து வந்தாங்கங்கற தகவல் மேல நீங்களே பெயின்ட் அடிச்சு மறைச்ச மாதிரி.

மத்த டூல் பத்தி ரெண்டு வார்த்தை. மட்டோமோ (2018 வரைக்கும் பிவிக்னு பேர்) நல்ல சரக்கு, டேட்டா உங்க கையிலயே இருக்கும், சில செட்டிங்கோட போட்டா ப்ரான்ஸ்ல கன்சென்ட் கேக்காமலே ஓட்டலாம்னு அங்க இருக்கிற டேட்டா ஆணையமே விட்டிருக்கு. ஆனா ஷேர்டு ஹோஸ்டிங்ல போட்டா ஒவ்வொரு பேஜ் வ்யூவும் உங்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல எழுதும், நாளாக நாளாக டேபிள் வீங்கி சைட்டையே இழுத்துக்கிட்டு போகும். உமாமிக்கு நோட் ஜேஎஸ் வேணும், சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்ல கஷ்டம். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி ஃப்ரீ, எண்றதுக்கு இல்ல, ஒருத்தர் பக்கத்துல எங்க தட்டறாங்க எங்க நிறுத்தறாங்கன்னு வீடியோ மாதிரி பாக்கறதுக்கு, ரெசிபி பக்கத்துல அளவு எங்க இருக்குன்னு தேடித் தவிக்கறவங்களை பாத்தா டிசைனை மாத்தத் தோணும். சிமிலர்வெப் மாதிரி வெளியிலேர்ந்து மதிப்பிடறது உங்க அளவு சைட்டுக்கு ஊகம்தான், சைட்டுகளை வரிசைப்படுத்தின அலெக்சா ரேங்கை இன்னும் கேக்கற ஏஜென்சிக்காரங்க இருக்காங்க, அது 2022 மே 1லேயே மூடிட்டாங்கன்னு சொல்லி அனுப்புங்க. சர்வர் சைடு டேகிங்னு (டேட்டாவை ப்ரவுசர்லேர்ந்து நேரா அனுப்பாம ஒரு சர்வர் வழியா அனுப்பற முறை) யாராவது ஆசை காட்டினா இப்போதைக்கு வேண்டாம், அதுக்கு தனி சர்வர் செலவு, நீங்க அந்த சைஸ்ல இல்ல.

உங்களுக்கு நான் சொல்றது, கூகுளோட ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டிருக்கீங்கன்னு எழுதியிருக்கீங்க, அப்ப கூகுள் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே பக்கத்துல ஓடுது, ப்ரைவசிக்காக ப்ளாசிபிளுக்கு மாறறேன்ங்கற பேச்சுக்கே இடமில்ல. ஜிஏ4 ஒண்ணையே வெச்சுக்கோங்க, டேட்டா ரிடென்ஷன் (விவரத்தை வெச்சிருக்கிற காலம்) 2 மாசம்னு இருக்கும், 14 மாசமா மாத்துங்க, கூகுளோட டேட்டா கிடங்கான பிக்குவெரிக்கு எக்ஸ்போர்ட்டை இன்னிக்கே ஆன் பண்ணுங்க, உங்க ட்ராஃபிக்குக்கு காசு ஆகாது, ஆனா ஆன் பண்ண நாளுக்கு முன்னாடி இருக்கிறது வராது. கூட சர்ச் கன்சோல். அது கூகுள் தன் பக்கத்துல நின்னு எத்தனை தடவை உங்க லிங்கை க்ளிக் பண்ணாங்கன்னு எண்றது, உங்க சைட்ல ஸ்கிரிப்ட் ஓடிச்சா இல்லையாங்கறதே அதுக்கு விஷயமில்ல, ஜிஏல ஆர்கானிக் (தேடல்லேர்ந்து வர்ற கூட்டம்) திடீர்னு விழுந்து சர்ச் கன்சோல்ல க்ளிக் அப்படியே இருந்தா உடைஞ்சது டேக் (சைட்ல போட்ட ஜிஏ கோடு), ட்ராஃபிக் இல்ல. தீம் அப்டேட் பண்ணப்ப ஹெடர் கோடு காணாம போறது அடிக்கடி நடக்கிற கதை.

மசாலா கம்பெனிக்காரருக்கு ஆள் கணக்கு சொல்லாதீங்க, கேட்டாலும் "சுமாரா"ன்னு ஜிஏ நம்பரை மட்டும் சொல்லிட்டு, அவருக்கு சம்பந்தமான பக்கங்களோட பேஜ் வ்யூவை மூணு மாசத்துக்கு எடுத்து குடுங்க. சாம்பார் பொடி, குழம்பு மிளகாய்த்தூள் ரெசிபி பக்கங்க மட்டும். அவரோட லிங்குக்கு யூடிஎம் ஒட்டி அவர் சைட்டோட அனலிட்டிக்ஸ்லயே க்ளிக்கை பாத்துக்க சொல்லுங்க, அப்ப உங்க நம்பரை அவர் நம்ப வேண்டிய அவசியமே வராது. 1,40,000ஐ சொல்லி ரேட் பேசினா முதல் மாசம் பணம் வரும், ரெண்டாவது மாசம் க்ளிக்கை பாத்துட்டு போன் எடுக்க மாட்டாரு.

லாகை தூக்கிப் போட்டுடாதீங்க. ஏடபிள்யூஸ்டாட்ஸ் வேண்டாம், கோஆக்சஸ்னு லாக் படிக்கிற டூல் ஒண்ணு இருக்கு, மாசம் ஒரு தடவை லாகை இறக்கி அதுல போட்டா டெர்மினல்லயே எந்த பாட் எவ்வளவு தின்னுது, எந்த பக்கம் 404 அடிக்குதுன்னு காட்டிடும், பாட் கணக்கை எந்த ஜாவாஸ்கிரிப்ட் டூலாலயும் முழுசா காட்ட முடியாது. சிபேனல்ல ரா ஆக்சஸ்ங்கற இடத்துக்கு போய் லாகை ஹோம் டைரக்டரில சேத்து வைங்கற டிக்கை போடுங்க, அதுக்கு கீழ போன மாச லாகை அழிச்சிடுங்கற இன்னொரு டிக் இருக்கும், அதை எடுத்து விட்டுடுங்க.